போஞ்சி வேரழுகலுக்கு நல்ல நுண்ணங்கிகள் உண்மையில் உதவுமா?

பதுளை மாவட்டத்தில் கெப்பட்டிப்பொல பக்கம் அரை ஏக்கர் குத்தகைக்கு எடுத்துக் கொடிப்போஞ்சி செய்யும் ஒரு தம்பி கேட்டிருந்தார். ஒரே நிலத்தில் இது மூன்றாவது போகம். முளைத்து மூன்றாவது வாரத்தில் செடிகள் மஞ்சளித்து, பகலில் வாடி, அப்படியே சாய்ந்துவிடுகின்றன. உரக்கடையில் ட்ரைக்கோடேர்மா என்று, நோய்க் கிருமியை அடக்கும் நல்ல பங்கசு அடங்கிய ஒரு பக்கற் கொடுத்தார்கள். கரைத்து வாடிய செடிகளின் அடியில் இரண்டு தடவை ஊற்றினார், ஒன்றும் நடக்கவில்லை. பக்கத்து நிலத்துக்காரர் “அதெல்லாம் ஏமாற்று வேலை, மருந்து ஊற்று” என்கிறாராம். இந்த நல்ல நுண்ணங்கிகள் என்று சொல்வது உண்மையா, உண்மையானால் ஏன் எனக்கு வேலை செய்யவில்லை என்பது அவருடைய கேள்வி.

தம்பி, உண்மைதான். ஆனால் நீங்கள் ஊற்றிய அன்றைக்கு அதனால் எதுவும் செய்திருக்க முடியாது. வேருக்குள் நோய் புகுந்த பிறகு அதைத் துரத்திக்கொண்டு உள்ளே போகிற வேலையை இந்த நுண்ணங்கிகள் செய்வதில்லை. நோய்க் கிருமி வருவதற்கு முன்பே வேரின் மேற்பரப்பைப் பிடித்து உட்கார்ந்துகொள்வதுதான் அவற்றின் வேலை. விதை முளைக்கும்போதே அவை அங்கே இருக்க வேண்டும், தின்ன ஏதாவது இருக்க வேண்டும், அவற்றைக் கொல்லும் எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது. கீழே நான் சொல்லப் போவது எல்லாம் இந்த மூன்றையும் பற்றியதுதான்.

நான் தேயிலைத் தோட்ட லயத்தில் பிறந்து வளர்ந்தவன். இருபது வருஷத்துக்கு மேலாக நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் மரக்கறி செய்பவர்களோடு மண்ணையும் வேரையும் பார்த்து வருகிறேன். அந்த அனுபவத்தில் முதலில் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது: எதை ஊற்றுவது என்று யோசிப்பதற்கு முன் செடி எதனால் சாகிறது என்று பாருங்கள்.

பார்ப்பதற்கும் முறை உண்டு. செடியைக் கையால் பிடுங்கினால் பக்கவேர்கள் மண்ணிலேயே அறுந்து நின்றுவிடும். நாம் பார்க்க வேண்டியதே அந்தப் பக்கவேர்களைத்தான். மம்பட்டியால் செடியைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்கு வெட்டி, மண்ணோடு தூக்கி, வாளித் தண்ணீரில் மெதுவாக ஆட்டிக் கழுவுங்கள். முழுதாகச் செத்த செடியை எடுக்காதீர்கள். செத்த வேரில் கண்ட கண்ட பங்கசு எல்லாம் ஏறியிருக்கும், எது முதலில் வந்தது என்று தெரியாது. பாதி வாடியது நாலைந்து, நன்றாக நிற்பது இரண்டு என்று எடுத்து ஒரு சாக்கின் மேல் வரிசையாக வையுங்கள்.

முதலில் தண்டின் அடிப்பகுதியைப் பிளேட்டால் நீளவாக்கில் கீறிப் பாருங்கள். தோலுக்கு அடியில் சின்ன வெள்ளைப் புழுவோ, அரிசி முனை அளவில் பழுப்பான கூட்டுப்புழுவோ இருந்தால், தண்டு வீங்கி வெடித்திருந்தால், அது போஞ்சி ஈ. வேர் நோயே இல்லை. போஞ்சி ஈ விழுந்த செடியும் இதே மூன்றாவது வாரத்தில் இதே மாதிரித்தான் மஞ்சளித்து வாடும். வேரழுகல் என்று நினைத்துப் பணத்தை மண்ணில் ஊற்றிய எத்தனையோ பேருடைய நிலத்தில் நான் கீறிப் பார்த்தது இந்த ஈயைத்தான். இதற்கு ட்ரைக்கோடேர்மா ஒரு உதவியும் செய்யாது. ஈ குத்திய காயத்தின் வழியாக அழுகல் பங்கசு புகுவதும் உண்டு, அதனால் இரண்டும் சேர்ந்தே இருக்கலாம். ஈயைத் தடுக்காமல் வேருக்கு மட்டும் வைத்தியம் பார்த்தால் பலன் வராது.

ஈ இல்லையென்றால் நிறத்தைப் பாருங்கள், வேரை அழுகவைக்கும் நாலு கிருமிகளை அதில் பிரித்தறியலாம். மண்மட்டத்துக்குச் சற்று மேலும் கீழும் செங்கபில நிறத்தில் உள்வாங்கிய புண், விளிம்பு தெளிவாக இருந்தால் பெரும்பாலும் ரைசொக்டோனியா. ஆணிவேரில் நீளநீளமாகச் சிவப்புக் கோடுகள் தோன்றி, பிறகு முழுவதும் பழுப்பாகி, பக்கவேர்கள் கொட்டிப்போய், அதற்கு மேலே மண்மட்டத்தை ஒட்டிப் புதுவேர்கள் விட்டிருந்தால் பியூசேரியம் வேரழுகல். வேர் தண்ணீர் கோத்து மெத்தென்று இருந்து, இரண்டு விரலால் இழுத்தால் மேல்தோல் உறை மாதிரிக் கழன்று உள்ளே நூல் மட்டும் மிஞ்சினால் பித்தியம். அடித்தண்டில் பஞ்சு போல வெள்ளையாகப் படர்ந்து, அதில் கடுகு மாதிரி பழுப்பு மணிகள் இருந்தால் ஸ்கிளரோஷியம். இது சூடு கேட்கும் நோய். கண்டி, மாத்தளை போன்ற தாழ்ந்த இடங்களில் அதிகம், உங்கள் உயரத்தில் குறைவு.

வேரில் முண்டு முண்டாக இருந்தால் பயப்படுவதற்கு முன் நகத்தால் சுரண்டுங்கள். சுலபமாக உதிர்ந்து, உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் அது ரைசோபியம் பக்டீரியா வாழும் வேர்முடிச்சு. காற்றில் உள்ள நைதரசனைச் செடிக்குப் பிடித்துக் கொடுப்பது அது, இருக்கட்டும். வேரே வீங்கினது போல, சுரண்டினாலும் வராமல் இருந்தால் வேர்முடிச்சு வட்டப்புழு. இரண்டையும் மாற்றி நினைத்துக்கொண்டு, நல்ல முடிச்சுக்கு மருந்து ஊற்றியவர்களையும் பார்த்திருக்கிறேன்.

நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால், ஒரே நிலத்தில் மூன்றாவது போகம், மூன்றாவது வாரம், மஞ்சளித்துச் சாய்வது, இது பியூசேரியமும் ரைசொக்டோனியாவும் கலந்ததாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். ஆனாலும் கீறிப் பார்க்காமல் முடிவெடுக்க வேண்டாம். சந்தேகம் என்றால் அந்தச் செடிகளை மண்ணோடு ஒரு பையில் போட்டு உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் காட்டுங்கள். விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்துக்கும் அழைத்துக் கேட்கலாம்.

சரி, இப்போது நுண்ணங்கிகள் என்ன செய்கின்றன என்று பார்ப்போம். ட்ரைக்கோடேர்மா என்பது ஒரு மண் பங்கசு. 1794ஆம் ஆண்டிலேயே அதற்குப் பெயர் வைத்துவிட்டார்கள், ஆனால் அது மற்றப் பங்கசுவைத் தின்னும் என்று 1932இல்தான் வைன்ட்லிங் என்ற ஆராய்ச்சியாளர் காட்டினார். அவர் பார்த்ததும் உங்கள் நிலத்தில் இருக்கக்கூடிய அதே ரைசொக்டோனியாவைத்தான். ட்ரைக்கோடேர்மாவின் இழை ரைசொக்டோனியாவின் இழையைக் கொடிப்போஞ்சி கம்பைச் சுற்றுவது போலச் சுற்றிக்கொள்ளும். அப்புறம் அதன் சுவரைக் கரைக்கும் நொதியங்களைச் சுரந்து, துளை போட்டு, உள்ளே இருப்பதை உறிஞ்சிவிடும். பித்தியத்தின் சுவர் வேறு மாதிரி, அது உண்மையான பங்கசுவே இல்லை, அதனால் அங்கே வேறு நொதியங்கள் வேலை செய்ய வேண்டியிருக்கிறது.

ஆனால் மற்றப் பங்கசுவைத் தின்பதை விட முக்கியமானது இடத்தைப் பிடிப்பது என்று நான் நினைக்கிறேன். முளைக்கும் விதையும் இளவேரும் சீனிச்சத்தையும் வேறு சத்துகளையும் மண்ணுக்குள் கசியவிடும். அந்த வாடையில்தான் நோய்க் கிருமியும் விழித்துக்கொள்கிறது. பித்தியத்தின் வித்து, ஈரமண்ணில் விதை கசியத் தொடங்கிய சில மணி நேரத்திலேயே முளைத்து விதையை நோக்கி வந்துவிடும். ஒரு நாளுக்குள் உள்ளே போயும் விடும். அந்தக் கசிவை முதலில் யார் தின்கிறார்கள் என்பதுதான் போட்டி. விதை மேலேயே ட்ரைக்கோடேர்மாவோ நல்ல பக்டீரியாவோ ஒட்டியிருந்தால் அவை முந்திக்கொள்ளும். மூன்றாவது வாரத்தில் கொண்டுபோய் ஊற்றினால் பந்தி முடிந்த பிறகு இலை போட்டது மாதிரித்தான்.

மூன்றாவதாக ஒரு வேலையும் உண்டு. ட்ரைக்கோடேர்மா வேரின் வெளித்தோலில் இரண்டு மூன்று கலம் ஆழத்துக்கு உள்ளே போய் உட்காரும். செடிக்குக் கெடுதல் இல்லை, ஆனால் யாரோ வந்திருக்கிறார்கள் என்று செடி உஷாராகிவிடும். பிறகு நோய்க் கிருமி வரும்போது அது வேகமாகவும் பலமாகவும் எதிர்க்கும். பிள்ளைக்குத் தடுப்பூசி போடுவதோடு ஒப்பிடலாம். இதுவும் நோய் வருவதற்கு முன்னால்தான் பயன்படும்.

பக்டீரியாக்களில் இரண்டு பெயரைக் கடைகளில் கேட்பீர்கள். சூடோமோனாஸ் புளோரெசென்ஸ் ஒன்று. மஞ்சள்பச்சையாக ஒளிரும் ஒரு நிறப்பொருளைச் சுரப்பதால் அந்தப் பெயர். அந்தப் பொருள் மண்ணில் உள்ள இரும்பைப் பிடித்துக்கொள்ளும், நோய்க் கிருமிக்கு இரும்பு கிடைக்காமல் போகும். இதை எல்லாத் துண்டுப் பிரசுரத்திலும் எழுதுவார்கள். ஆனால் நம் மலைநாட்டின் புளிப்பு மண்ணில் இரும்பு தாராளமாகக் கரைந்து கிடக்கிறது, அதனால் இந்த வழி இங்கே அவ்வளவு எடுபடாது. சூடோமோனாஸ் இங்கே உதவுவது அது சுரக்கும் எதிருயிரிப் பொருட்களாலும், வேரைப் பிடித்துக்கொள்ளும் வேகத்தாலும்தான். மற்றது பசிலஸ் சப்டிலிஸ். இது வித்தாக உறங்கக்கூடியது, அதனால் கடைத் தட்டில் மாதக்கணக்கில் கிடந்தாலும் தாங்கும். சூடோமோனாஸுக்கு அந்த வித்து இல்லை. மூன்று நாலு மாதத்துக்கு மேல் பழைய பக்கற் என்றால் உள்ளே உயிர் மிச்சமிருப்பது குறைவு.

இனி நம் இடத்தைப் பற்றி. வெளியிலிருந்து வரும் ஆலோசனைகள் பெரும்பாலும் சூடான சமவெளிக்கு எழுதப்பட்டவை. ட்ரைக்கோடேர்மா நன்றாக வளர்வது 25 முதல் 30 பாகை செல்சியஸில். நுவரெலியா நகரம் 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, அங்கே ஆண்டுச் சராசரியே 16 பாகைக்குப் பக்கம். கந்தப்பளையில், நுவரெலியாவில் மார்கழி தை மாதக் குளிரில் ட்ரைக்கோடேர்மா சாகாது, ஆனால் மெதுவாகத்தான் நகரும். நோய்க் கிருமியோ அந்தக் குளிருக்குப் பழகியது, ஈரமும் குளிரும் சேர்ந்தால் பித்தியத்துக்குக் கொண்டாட்டம். அதனால் அந்த உயரத்தில் குளிரைத் தாங்கும் சூடோமோனாஸை நான் முன்னுக்கு வைப்பேன். ட்ரைக்கோடேர்மாவைக் கொம்போஸ்டில் இன்னும் கூடுதல் நாள் வளரவிட்டுத்தான் நிலத்தில் போடச் சொல்வேன். வெலிமடை, பண்டாரவளை, உங்கள் கெப்பட்டிப்பொல பக்கம் அவ்வளவு குளிர் இல்லை, ட்ரைக்கோடேர்மா நன்றாகவே ஓடும்.

அமிலத்தன்மை அடுத்தது. பழைய தேயிலை நிலத்தை மரக்கறிக்கு மாற்றியிருந்தால் மண்ணின் பீ.எச். 4.5க்கும் 5.5க்கும் இடையில் நிற்கும், இந்த எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம். ட்ரைக்கோடேர்மாவுக்கு அது பிரச்சினையே இல்லை. பிரச்சினை போஞ்சிக்கும் ரைசோபியத்துக்கும். போஞ்சி 6க்குப் பக்கத்தில்தான் சந்தோஷமாக நிற்கும். 5க்குக் கீழே வேர் குட்டையாகிவிடும், முடிச்சும் சரியாக விடாது. பலவீனமான வேரைக் காப்பாற்ற எந்த நுண்ணங்கியாலும் முடியாது. மண்ணைப் பரிசோதித்து, தேவைப்பட்டால் நடுவதற்கு இரண்டு மூன்று வாரத்துக்கு முன் புளிப்பைக் குறைக்கும் டொலமைட் சுண்ணாம்பு போடுங்கள். பரிசோதிக்காமல் கண்ணை மூடிக்கொண்டு கொட்ட வேண்டாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் நிறையப் பேர் பணத்தை இழக்கிறார்கள். வேர்ப்பங்கசு, மைக்கோரைசா என்று ஒரு தூள் விற்கிறார்கள். நல்ல சரக்குதான், மண்ணில் உள்ள பொசுபரசைச் செடிக்கு எடுத்துக் கொடுக்கும். ஆனால் மலைநாட்டு மரக்கறி மண்ணில் வருஷக்கணக்காக உரமும் கோழி எருவும் போட்டுப் பொசுபரசு தேவைக்கு மேல் தேங்கிக் கிடக்கிறது. பொசுபரசு கூடிய மண்ணில் செடி அந்தப் பங்கசுவை வேருக்குள் சேர்ப்பதே இல்லை. உருளைக்கிழங்கும் லீக்ஸும் மாறி மாறிச் செய்த நிலத்தில் அதை வாங்கிப் போடாதீர்கள். அந்தக் காசுக்கு மண் பரிசோதனை செய்யுங்கள்.

கோழி எரு விஷயத்தில் நான் கொஞ்சம் கடுமையாகப் பேசுவேன். பண்ணையிலிருந்து லொறியில் வந்து இறங்கிய சூட்டோடு குழிக்குள் போட்டு, மறுநாள் விதை போடுகிறார்கள். மக்காத எருவிலும் பச்சை இலைதழையிலும் முதலில் பெருகுவது பித்தியமும் ரைசொக்டோனியாவும்தான், ஏனென்றால் அவை செத்த பொருளைத் தின்றும் வாழக்கூடியவை. எருவிலிருந்து வரும் அமோனியா இளவேரைச் சுடுகிறது, சுட்ட இடத்தில் கிருமி புகுகிறது. நைதரசன் அதிகமானால் வேர்முடிச்சும் விடாது. நன்றாக மக்கி, சூடு ஆறி, மண் வாசனை வரும் எருவைத்தான் போட வேண்டும். பச்சைத் தழை வெட்டிப் புதைத்தால் இரண்டு மூன்று வாரம் விட்டுத்தான் விதைக்க வேண்டும்.

தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்த நம் பெரியவர்களுக்கு இந்த விஷயம் புதிதல்ல. பழைய தேயிலையைப் பிடுங்கிவிட்டு உடனே புதுக்கன்று நடமாட்டார்கள். மானாப்புல்லோ கௌதமாலாப் புல்லோ போட்டு, ஒன்றரை இரண்டு வருஷம் அதை வெட்டி வெட்டி மண்ணிலேயே போட்டு, மண் தேறிய பிறகுதான் நடுவார்கள். அரை ஏக்கர் குத்தகைக்காரரால் இரண்டு வருஷம் சும்மா போட முடியாது என்பது தெரியும். ஆனால் ஒரு போகமாவது போஞ்சியை விட்டுச் சோளமோ கோவாவோ லீக்ஸோ செய்ய முடியும். பியூசேரியத்தின் தடித்த வித்துகள் மண்ணில் வருஷக்கணக்கில் காத்திருக்கும், ஒரு போகத்தில் அழியாது, ஆனால் எண்ணிக்கை கூடிக்கொண்டே போவது நிற்கும். உருளைக்கிழங்கைத் தாக்கும் ரைசொக்டோனியாவும் போஞ்சியைத் தாக்குவதும் பெரும்பாலும் வேறு வேறு வகை, அதனால் கிழங்குக்குப் பின் போஞ்சி போடுவது நினைப்பது போல அவ்வளவு ஆபத்தில்லை. போஞ்சிக்குப் பின் போஞ்சிதான் ஆபத்து. வெலிமடைப் பக்கம் வயலில் நெல் செய்துவிட்டுச் சிறுபோகத்தில் மரக்கறி செய்பவர்களுக்கு ஒரு அதிர்ஷ்டம் உண்டு. மாதக்கணக்கில் நின்ற தண்ணீரில் வட்டப்புழுவும் பல மண் பங்கசுவும் மூச்சுமுட்டிக் குறைந்துவிடும். அங்கே பயப்பட வேண்டியது பித்தியத்துக்கு மட்டும். அதற்கு மருந்து கான் வெட்டுவது. பித்தியத்தின் வித்துகள் தண்ணீரில் நீந்திப் போகும். பாத்தியை உயர்த்தி, தண்ணீர் ஒரு இரவு கூட நிற்காமல் கானில் இறங்க வைத்தால் பாதி வேலை முடிந்தது.

செய்முறைக்கு வருவோம். நடுவதற்கு மூன்று வாரத்துக்கு முன் ஆரம்பியுங்கள். நன்றாக மக்கிய மாட்டு எரு அல்லது கொம்போஸ்ட் 100 கிலோவுக்கு ட்ரைக்கோடேர்மாத் தூள் ஒரு கிலோ. தமிழ்நாட்டுப் பரிந்துரை ஹெக்டயருக்கு 2.5 கிலோ, அதாவது ஏக்கருக்கு ஒரு கிலோ. உங்கள் நிலத்தில் நோய் ஏற்கெனவே ஊறிக் கிடப்பதால் அரை ஏக்கருக்கே அந்த ஒரு கிலோவைப் போடச் சொல்கிறேன். கூடினால் செடிக்குக் கெடுதல் இல்லை. நிழலில், தரையில் ஒரு சாண் உயரத்துக்குப் பரப்பி, தண்ணீர் தெளித்துக் கலக்குங்கள். கையில் அள்ளிப் பிழிந்தால் உள்ளங்கை நனைய வேண்டும், தண்ணீர் சொட்டக் கூடாது. ஈரச் சாக்கால் மூடி, மூன்று நாலு நாளைக்கு ஒருமுறை புரட்டுங்கள். உங்கள் பக்கம் பதினைந்து நாள், கந்தப்பளை உயரத்தில் மூன்று வாரம். முதலில் வெள்ளையாக நூல் படரும், பிறகு அங்கங்கே பச்சை பூக்கும். அப்போது அது தயார். இன்னும் சூடாக இருக்கும் கொம்போஸ்டில் கலக்காதீர்கள், வெந்துவிடும்.

இதை நிலம் முழுவதும் வீசி இறைக்காமல், விதை விழும் வரிசையில், குழிக்கு நாலு விரல் கொள்ளும் அளவு போட்டு மண்ணோடு கலந்துவிடுங்கள். வெயிலில் காயவிட வேண்டாம், சாயந்தரம் செய்வது நல்லது.

விதைக்குத் தனியாக. ஒரு கிலோ விதைக்கு ட்ரைக்கோடேர்மாத் தூள் 4 கிராம், கிட்டத்தட்ட ஒரு தேக்கரண்டி. அல்லது சூடோமோனாஸ் தூள் 10 கிராம். ஆறின கஞ்சித் தண்ணீரைக் கொஞ்சமாகத் தெளித்து, விதை லேசாகப் பிசுபிசுக்கும்போது தூளைப் போட்டுப் புரட்டுங்கள். போஞ்சி விதையை ஊறவைக்க வேண்டாம், தோல் உரிந்து வெடித்துவிடும். நிழலில் அரை மணி நேரம் உலர்த்தி அன்றைக்கே விதைத்துவிடுங்கள். இரண்டு தூளையும் ஒரே விதையில் சேர்த்துப் பூசுவதை நான் தவிர்ப்பேன். சில வகைகள் ஒன்றையொன்று அடக்கும். கொம்போஸ்ட் வழியாக ட்ரைக்கோடேர்மா, விதை வழியாக சூடோமோனாஸ் என்று பிரித்துக் கொடுத்தால் சண்டை குறையும்.

இப்போது கொல்லும் பொருளைப் பற்றி. கடையில் வாங்கும் விதை இளஞ்சிவப்பாகவோ வேறு நிறத்திலோ இருந்தால் அதில் ஏற்கெனவே பங்கசுநாசினி பூசியிருக்கிறது. அந்த விதையில் நுண்ணங்கியைப் பூசிப் பயனில்லை, கொம்போஸ்ட் வழியை மட்டும் நம்புங்கள். கார்பென்டசிம், தயோபனேட் மீதைல் வகை மருந்துகள் ட்ரைக்கோடேர்மாவை நேரடியாகக் கொல்லும். இதை நான் கஷ்டப்பட்டுக் கற்றேன். சில வருஷத்துக்கு முன் ராகலைப் பக்கம் ஒரு குடும்பத்துக்கு ட்ரைக்கோடேர்மாக் கொம்போஸ்ட் செய்யச் சொல்லிக்கொடுத்து, அவர்களும் சொன்னபடியே செய்தார்கள். பாதிச் செடி போய்விட்டது. உட்கார்ந்து பேசும்போதுதான் தெரிந்தது, எதற்கும் இருக்கட்டும் என்று நடுவதற்கு நாலு நாள் முன்னால் நிலம் முழுவதும் கார்பென்டசிம் ஊற்றியிருக்கிறார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. மண்ணில் என்ன ஊற்றினீர்கள் என்று நான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். அந்த வீட்டு அக்கா கையில் காய்ந்த செடியோடு நின்றது இன்னும் மனதில் இருக்கிறது. அதற்குப் பிறகு யார் கேட்டாலும் முதல் கேள்வி அதுதான்.

மெட்டலக்சில் என்ற மருந்து பித்தியத்தின் குடும்பத்தை மட்டும் தாக்கும், ட்ரைக்கோடேர்மாவைப் பெரிதாகத் தொடாது. ஆகவே பித்தியம் கடுமையான இடத்தில் இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்த வழி உண்டு. செம்பு மருந்துகள் பக்டீரியாக்களுக்கு ஆகாது. பக்கத்து நிலத்துக்காரர் மருந்து ஊற்றச் சொல்வதை நான் பழிக்கவில்லை. ஒரு போகத்து வருமானத்தை வைத்து வட்டி கட்டுபவருக்கு அந்தப் பதற்றம் இருக்கத்தான் செய்யும். ஆனால் மண்ணுக்கு ஊற்றும் அந்த மருந்து நல்லதையும் சேர்த்துக் காலி செய்கிறது, காலியான மண்ணில் முதலில் திரும்பி வருவது பெரும்பாலும் நோய்தான். ஒவ்வொரு போகமும் ஊற்ற வேண்டியதாகிறது.

வாங்கும்போது கவனம் வேண்டும். 2021இல் இரசாயன உர இறக்குமதியைத் திடீரென்று நிறுத்தினார்களே, அந்த மாதங்களில் என்ன இருக்கிறது என்றே எழுதாத போத்தல்கள் எல்லாம் நல்ல நுண்ணங்கி என்ற பெயரில் விவசாயியின் கைக்கு வந்ததை நான் பார்த்தேன். தடை அந்த ஆண்டு நவம்பரிலேயே நீங்கிவிட்டது, ஆனால் நுண்ணங்கி என்றாலே ஏமாற்று என்ற எண்ணம் அப்போது ஒட்டிக்கொண்டது. உங்கள் பக்கத்து நிலத்துக்காரரின் கோபம் அங்கிருந்து வந்ததாகக்கூட இருக்கலாம். பக்கற்றில் நுண்ணங்கியின் முழுப்பெயர், ஒரு கிராமில் எத்தனை உயிருள்ள நுண்ணங்கி அலகு (CFU), உற்பத்தித் திகதி, காலாவதித் திகதி இந்த நாலும் இருக்க வேண்டும். கடைக்காரர் அதை வெயில் படும் கண்ணாடிக்குப் பின்னால் வைத்திருந்தால் வாங்காதீர்கள்.

உயிர் இருக்கிறதா என்று வீட்டிலும் பார்க்கலாம். கொதிநீரில் கழுவிய போத்தலில் ஆறின சோறு இரண்டு கரண்டி போட்டு, தூளை ஒரு சிட்டிகை தூவி, மூடியைத் தளர்வாக மூடி வையுங்கள். ஐந்தாறு நாளில் வெள்ளைப் பஞ்சு வந்து, பிறகு திட்டுத் திட்டாகக் கரும்பச்சையாக மாற வேண்டும். சில ட்ரைக்கோடேர்மா வகைகளுக்குத் தேங்காய் வாசனை கூட வரும், அதற்காக மூக்கை வைத்து முகராதீர்கள். கறுப்பாகவோ மஞ்சளாகவோ வந்தால், வழவழத்து நாறினால், அதை மூடியே புதைத்துவிடுங்கள். இது உயிர் இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை மட்டும். சோற்றில் பெருக்கியதை நிலத்துக்குப் போடும் பழக்கம் வேண்டாம், கூடவே எது வளர்ந்தது என்று நமக்குத் தெரியாது. பக்டீரியாவை வீட்டில் சீனித் தண்ணீரில் பெருக்குவது இன்னும் மோசம், மனிதருக்கு நோய் தரும் உறவுக்காரப் பக்டீரியாக்களும் அதில் வளரக்கூடும். தூளைக் கையாளும்போது வாயையும் மூக்கையும் துணியால் கட்டிக்கொள்ளுங்கள்.

வீட்டிலோ பக்கத்திலோ யாராவது சிப்பிக் காளான் வளர்த்தால் இந்தக் கொம்போஸ்ட் வேலையை அங்கிருந்து தூரத்தில் செய்யுங்கள். காளானும் பங்கசுதானே. ட்ரைக்கோடேர்மா அந்தப் பைகளில் ஏறினால் பச்சையாகிக் காளான் முழுவதும் போய்விடும்.

எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்று கேட்டால், ஒரு செடிகூடச் சாகாது என்று சொல்ல மாட்டேன். சாவது குறையும், தப்பிய செடியின் வேர் அடர்த்தியாக இருக்கும், இரண்டாவது மூன்றாவது போகத்தில் வித்தியாசம் இன்னும் தெளிவாகும். என்னை நம்ப வேண்டாம், உங்கள் நிலத்திலேயே பாருங்கள். நடுவில் இரண்டு பாத்திக்கு மட்டும் நுண்ணங்கி சேர்க்காத அதே கொம்போஸ்டைப் போட்டு, மற்ற எல்லாவற்றையும் ஒரே மாதிரிச் செய்யுங்கள். நாலாவது வாரம் இரண்டு பக்கமும் நூறு நூறு குழி எண்ணி, எத்தனை செடி நிற்கிறது என்று கொப்பியில் எழுதி வையுங்கள்.

இப்போது நிலத்தில் நிற்கும் செடிகளுக்கு என்ன செய்வது? முழுதாகச் சாய்ந்ததை வேரோடு தோண்டியெடுத்து நிலத்துக்கு வெளியே கொண்டுபோய் எரியுங்கள். கொம்போஸ்ட் குழியில் போடாதீர்கள். பாதி வாடியதற்கு மண் அணையுங்கள். பியூசேரியம் ஆணிவேரைத் தின்றாலும் அதற்கு மேலே தண்டிலிருந்து புதுவேர் விட போஞ்சி முயற்சி செய்யும். அந்த இடம் மண்ணுக்குள் இருந்தால்தான் வேர் பிடிக்கும். மக்கிய கொம்போஸ்டும் மேல்மண்ணும் கலந்து தண்டைச் சுற்றி மூன்று நாலு அங்குல உயரத்துக்கு அணைத்துவிடுங்கள். அந்தக் கொம்போஸ்டில் ட்ரைக்கோடேர்மா வளர்ந்திருந்தால் புதிதாக வரும் வேருக்கு அது முன்கூட்டியே போய் உட்காரும், இங்கேதான் உங்கள் மிச்சப் பக்கற்றுக்கு வேலை இருக்கிறது. செடிகளுக்கு நடுவில் முள்ளுக்குத்த வேண்டாம், மிஞ்சிய வேரும் அறுந்துவிடும். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக, காலையில் மட்டும் விடுங்கள். யூரியாவை நிறுத்துங்கள். பத்து நாளில் நடுக்குருத்து பச்சையாக நிமிர்ந்தால் அந்தச் செடி காய்க்கும்.